எந்தத் தாள்? எக்செல் பணித்தாள்களை மேக்ரோவால் கையாளத் தொடங்குவோருக்கு

ஒரு கோப்பில் மூன்று தாள்கள் இருக்கும்வரை, எக்செலுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுப்பான மேக்ரோவின் தேவை தெரியாது. தாள்கள் முப்பதாகும்போது தெரியும். மாதிரித் தாள் ஒன்றை முப்பது முறை நகலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, ஒவ்வொன்றின் கூட்டுத்தொகையையும் சுருக்கத் தாளில் கொண்டுபோய் ஒட்டி முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். நடுவில் ஒரு தாள் விடுபட்டாலும் கண்ணில் படாது. இந்த வேலை முழுவதையும் நாற்பது வரிக்குள் எழுதி முடிக்கும் இடத்துக்கு உங்களை அழைத்துப்போக விரும்புகிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் எழுதிய முதல் மேக்ரோக்களில் ஒன்று, தற்காலிகத் தாளில் ஏ2 முதல் எஃப்500 வரை இருப்பதை அழிக்க வேண்டும். கட்டளையில் வரம்பை மட்டும் எழுதியிருந்தேன். தாளின் பெயரை எழுதவில்லை. ஒரு நாள் மூலத் தரவுத் தாள் திறந்திருந்த நேரத்தில் அதை ஓட்டினேன். மூலத் தரவு போய்விட்டது. கண்ட்ரோல், இசட் இரண்டையும் சேர்த்து அழுத்தினேன்; ஒன்றும் திரும்பவில்லை. தாளை மாற்றும் மேக்ரோ ஓடியதும், எக்செல் தன் 'செய்ததை நீக்கு' பட்டியலையே காலி செய்துவிடுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு வரியை எழுதும்போதும் "எந்தத் தாள்?" என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையில் உள்ள பெரும்பாலான உத்திகள் அந்தக் கேள்விக்கான பதில்கள்தாம்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

விண்டோஸில் எக்செல் கோப்பைத் திறந்து ஆல்ட், எஃப்11 ஆகியவற்றைச் சேர்த்து அழுத்துங்கள். மேக்ரோக்களை எழுதும் மொழியான விபிஏவின் எடிட்டர் திறக்கும். இடப்பக்கம் கோப்பும் அதன் தாள்களும் மரம்போல் வரிசையாகத் தெரியும். தெரியாவிட்டால் கண்ட்ரோல், ஆர். அதன் கீழே பண்புகள் சாளரம் இருக்க வேண்டும், இல்லையென்றால் எஃப்4. இன்சர்ட் பட்டியலில் மாட்யூல் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிரல் எழுத வெற்றுப் பக்கம் கிடைக்கும். தாள்களின் பெயர் மீது இரட்டைக் கிளிக் செய்தாலும் ஒரு வெற்றுப் பக்கம் வரும். ஆனால் அது அந்தத் தாளுக்கே உரிய பக்கம். அங்கே எழுதும் நிரலின் போக்கு வேறு. இப்போதைக்கு மாட்யூலில் மட்டுமே எழுதுங்கள்.

அந்தப் பக்கத்தின் முதல் வரி 'ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்' என்று இருக்கட்டும். மாறி என்பது ஒரு மதிப்பை வைத்துக்கொள்ள நாம் பெயரிடும் இடம். முன்கூட்டியே அறிவிக்காத மாறியை அது அனுமதிக்காது. ஒரு எழுத்தைத் தவறாகத் தட்டினால், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே எடிட்டர் அதைச் சுட்டிக்காட்டிவிடும்.

கோப்பைச் சேமிக்கும்போது மேக்ரோ வசதியுள்ள பணிப்புத்தக வகையைத் தேர்ந்தெடுங்கள். அதன் பின்னொட்டு எக்ஸ்எல்எஸ்எம் என்று முடியும். 2007 பதிப்பிலிருந்து இருக்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் நிரல் தங்காது. எச்சரிக்கையைப் படிக்காமல் சரி சொன்னால் எழுதியதெல்லாம் போய்விடும். இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு என்றால், 2022 முதல் மைக்ரோசாஃப்ட் அதன் மேக்ரோக்களைத் தானாகவே தடுத்துவிடுகிறது. அனுப்பியவரை உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டும், கோப்பின் மீது வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் சாளரத்தில் அன்பிளாக் கட்டத்தில் குறியிடுங்கள்.

இந்தக் கட்டுரையின் நிரல்களைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். விபிஏவின் கட்டளைச் சொற்களை அவற்றின் ஒலிப்பிலேயே தந்திருக்கிறேன்: வொர்க்ஷீட்ஸ், ரேஞ்ச், நேம் என்பவைபோல. எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். தாள், வரி, பெயர், கடைசி என்று தமிழ்ச் சொல்லாகவே இருப்பவை நானே வைத்த மாறிகள். அவற்றுக்கு ஆங்கில எழுத்தில் உங்களுக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம்.

நிரல் எழுதும் முன் கண்ட்ரோல், ஜி அழுத்தினால் இம்மீடியட் என்ற சிறு சாளரம் கீழே திறக்கும். அதில் ஒரு கேள்விக்குறி இட்டு,

? திஸ்வொர்க்புக்.வொர்க்ஷீட்ஸ்.கவுண்ட்

என்று எழுதி என்டர் தட்டுங்கள். கோப்பில் எத்தனை பணித்தாள்கள் என்று பதில் வரும். புதிதாகக் கற்கும் எந்தக் கட்டளையையும் முதலில் இங்கே ஒற்றை வரியாகச் சோதித்துப் பாருங்கள். புத்தகம் படிப்பதைவிட வேகமாகக் கற்கலாம்.

ஒரு தாளை மூன்று விதமாக அழைக்கலாம்

முதல் வழி எண். வொர்க்ஷீட்ஸ்(1) என்றால் இடக்கோடியில் இருக்கும் பணித்தாள். பார்வைக்கு எளிமை, பயன்பாட்டில் ஆபத்து. யாராவது ஒரு தாவலை (தாளின் பெயர் தெரியும் கீழ்ப் பட்டையை) இழுத்து இடம் மாற்றினால் உங்கள் மேக்ரோ வேறொரு தாளில் வேலை செய்யும், பிழைச் செய்தியே இல்லாமல். மறைத்து வைத்த தாள்களும் இந்த எண்ணிக்கையில் சேரும் என்பதால், கண்ணால் எண்ணிப் போட்ட எண்ணும் தவறாகலாம். எல்லாத் தாள்களையும் வரிசையாகச் சுற்றிவரும் நேரம் தவிர மற்ற இடங்களில் எண்ணை நான் பயன்படுத்துவதில்லை.

இரண்டாவது வழி தாவலில் தெரியும் பெயர். வொர்க்ஷீட்ஸ்("சம்மரி") என்று மேற்கோளுக்குள் எழுதுவது. அந்தப் பெயரில் தாள் இல்லாவிட்டால் 9 ஆம் எண் பிழை வந்து நிரல் நின்றுவிடும். நிற்பது நல்லது, தவறான தாளில் ஓடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் தாவலின் பெயரைப் பயனர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றியதும் மேக்ரோ முடங்கிவிடும்.

பெயர் வழியில் ஒரு கண்ணி உண்டு. தாளின் பெயர் 2024 என்று வைத்துக்கொள்வோம். வொர்க்ஷீட்ஸ்(2024) என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால், எக்செல் அதை 2024 ஆவது தாள் என்று எடுத்துக்கொள்ளும். செல்லிலிருந்து அந்த ஆண்டைப் படித்து அப்படியே கொடுத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் செல்லில் இருப்பது எண். பெயரை எப்போதும் ஸ்டிரிங் (எழுத்துத் தொடர்) வகை மாறியில் வாங்கிய பிறகே அடைப்புக்குள் கொடுங்கள்.

மூன்றாவது வழிதான் என் விருப்பம்: நிரல் பெயர். இடப்பக்க மரத்தில் ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு பெயர்கள் தெரியும். அடைப்புக்குள் இருப்பது தாவலின் பெயர். அடைப்புக்கு வெளியே, ஷீட்1 என்பதுபோல் இருப்பது நிரல் பெயர். தாளைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பண்புகள் சாளரத்தின் முதல் வரியில் அதை மாற்றலாம். லிஸ்ட்ஷீட் என்று மாற்றிவிட்டால், நிரலில் லிஸ்ட்ஷீட்.ரேஞ்ச்("ஏ1") என்று நேரடியாக எழுதலாம். தாவலை இடம் மாற்றினாலும், பெயர் மாற்றினாலும் இது அசையாது. இதற்கு ஒரே எல்லை: நிரல் இருக்கும் அதே கோப்பின் தாள்களை மட்டுமே இப்படி அழைக்க முடியும்.

தமிழில் தாள்களுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இந்த மூன்றாவது வழி ஏறக்குறைய கட்டாயம். எக்செலின் தாவல்கள், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டைத் தடையின்றி ஏற்கும். 'சம்பளம்' என்று பெயர் வைத்தால் அழகாகத் தெரியும். விபிஏ எடிட்டரோ பழைய குறியீட்டு முறையில் நிற்கிறது. அதில் தமிழில் தட்டினாலோ ஒட்டினாலோ வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். நிரல் அந்தக் கேள்விக்குறிகளையே தாளின் பெயராகத் தேடித் தோற்கும். பலர் இந்த இடத்தில் தமிழ்ப் பெயரைக் கைவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. எடிட்டரின் திரைதான் தமிழைக் காட்டாது; விபிஏ மாறிகள் உள்ளுக்குள் யூனிகோடைத்தான் வைத்திருக்கின்றன. ஆகவே தமிழ்ப் பெயரை ஒரு செல்லில் எழுதி வைத்து, நிரல் அதை அங்கிருந்து படிக்கும்படி செய்யுங்கள். படிக்கும், ஒப்பிடும், தாளுக்குப் பெயராகவும் வைக்கும். ஓர் எழுத்தும் பழுதாகாது. இம்மீடியட் சாளரத்திலும் மெசேஜ் பெட்டியிலும் கேள்விக்குறிகள் தெரிந்தால் பதற வேண்டாம். அவை காட்டும் இடத்தின் குறை, மாறிக்குள் இருப்பது சரியான தமிழ்தான். ஓரிரு எழுத்துகள் மட்டும் நிரலிலேயே தேவை என்றால் சிஹெச்ஆர்டபிள்யூ என்ற செயற்கூறு உண்டு. அதற்கு 2980 என்ற எண்ணைக் கொடுத்தால் 'த' கிடைக்கும், 2949 கொடுத்தால் 'அ' கிடைக்கும்.

வொர்க்ஷீட்ஸ், ஷீட்ஸ் என்று இரண்டு சொற்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வொர்க்ஷீட்ஸ் என்பது கட்டங்கள் உள்ள பணித்தாள்கள் மட்டும். ஷீட்ஸ் என்றால் முழுத்தாள் வரைபடங்களும் சேர்ந்தவை. ஒரு தாளைக் கடைசி இடத்தில் சேர்க்கும்போது ஷீட்ஸ் பொருந்தும். செல்களைப் படிக்கும்போது வொர்க்ஷீட்ஸ்.

தாளை மாறியில் பிடித்துக்கொள்ளுங்கள்

டிம் தாள் ஆஸ் வொர்க்ஷீட்
செட் தாள் = திஸ்வொர்க்புக்.வொர்க்ஷீட்ஸ்("டேட்டா")
தாள்.ரேஞ்ச்("ஏ1").வேல்யூ = 100

டிம் வரி மாறியை அறிவிக்கிறது. செட் என்ற சொல்லை விட்டுவிட்டால் பிழை வரும். எண்ணையோ எழுத்தையோ மாறியில் வைக்க அது வேண்டாம், தாள் போன்ற பொருளை வைக்க அது வேண்டும். இப்படி மாறியில் பிடிப்பதால் ஒரு கூடுதல் நன்மை இருக்கிறது. மாறியின் பெயருக்குப் பின் புள்ளி வைத்ததும், தாளுக்கு உரிய கட்டளைகள் எல்லாம் ஒரு பட்டியலாக விரியும். வொர்க்ஷீட்ஸ்("டேட்டா") என்று எழுதிப் புள்ளி வைத்தால் அந்தப் பட்டியல் வராது. புதியவருக்கு அந்தப் பட்டியலே பாதி ஆசிரியர்.

திஸ்வொர்க்புக் என்பது நிரல் இருக்கும் கோப்பு. ஆக்டிவ்வொர்க்புக் என்பது இப்போது முன்னால் திறந்திருக்கும் கோப்பு. இரண்டு கோப்புகள் திறந்திருக்கும் நாளில்தான் இந்த வேறுபாடு உறைக்கும். வேறு கோப்பில் வேலை செய்ய வேண்டிய காரணம் இல்லாவிட்டால் முதலாவதையே எழுதுங்கள்.

இப்போது என் தரவை விழுங்கிய பிழைக்கு வருகிறேன். மாட்யூலில் ரேஞ்ச்("ஏ2:எஃப்500") என்று மட்டும் எழுதினால், எக்செல் அதை முன்னால் திறந்திருக்கும் தாளின் வரம்பாக எடுத்துக்கொள்கிறது. செல்ஸ், ரோஸ், காலம்ஸ் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். தாளுக்கு உரிய பக்கத்தில் எழுதினால் அதே வரி அந்தத் தாளையே குறிக்கும். ஒரே வரிக்கு இரண்டு இடங்களில் இரண்டு பொருள். முன்னால் தாளின் பெயரைச் சேர்த்துவிட்டால் இந்தக் குழப்பம் எங்கும் எழாது.

அனுபவசாலிகளையும் விழவைக்கும் ஒரு வடிவம் இது:

தாள்.ரேஞ்ச்(செல்ஸ்(1, 1), செல்ஸ்(10, 3)).கிளியர்கான்டென்ட்ஸ்

தாளின் பெயர் முன்னால் இருக்கிறதே என்று தோன்றும். உள்ளே இருக்கும் இரண்டு செல்ஸ்களுக்கும் பெயர் இல்லை. வேறொரு தாள் திறந்திருந்தால் 1004 ஆம் எண் பிழை வரும். தாள்.செல்ஸ்(1, 1), தாள்.செல்ஸ்(10, 3) என்று உள்ளேயும் எழுத வேண்டும்.

மேக்ரோ பதிவு வசதியை வைத்துக் கற்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டியிருக்கும். பதிவு செய்த நிரல் முதலில் தாளைத் தேர்ந்தெடுக்கும், பிறகு செல்லைத் தேர்ந்தெடுக்கும், பிறகுதான் மாற்றும். நம் கை செய்ததை அது அப்படியே எழுதி வைக்கிறது. நிரலுக்கு அந்தத் தேர்வு வேண்டாம். தாளைத் திறக்காமலே அதில் எழுதலாம், படிக்கலாம். ஆக்டிவேட், செலக்ட் வரிகளை நீக்கிப் பாருங்கள். திரை துள்ளுவது நிற்கும், வேகம் கூடும், மறைந்திருக்கும் தாளைத் தேர்ந்தெடுக்கப் போய் வரும் பிழையும் போய்விடும்.

புதுத் தாளும் அதன் பெயரும்

செட் தாள் = திஸ்வொர்க்புக்.வொர்க்ஷீட்ஸ்.ஆட்(ஆஃப்டர்:=திஸ்வொர்க்புக்.ஷீட்ஸ்(திஸ்வொர்க்புக்.ஷீட்ஸ்.கவுண்ட்))

ஷீட்ஸ்.கவுண்ட் கடைசித் தாளின் எண்ணைத் தருகிறது. அதன் பின்னால் புதுத் தாள் சேரும். இடம் எதுவும் சொல்லாமல் ஆட் என்று மட்டும் எழுதினால், முன்னால் திறந்திருக்கும் தாளுக்கு இடப்பக்கம் போய் உட்காரும். ஆஃப்டருக்குப் பின் வருவது வெறும் சமக்குறி அல்ல, முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்தது. புதியவர்கள் இதில் அடிக்கடி தவறுவார்கள்.

பெயர் வைப்பதில் எக்செலுக்குச் சில கண்டிப்புகள் உண்டு. 31 குறிகளுக்கு மேல் போகக் கூடாது. முக்காற்புள்ளி, இருவகைச் சாய்கோடுகள், கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, சதுர அடைப்புகள் ஆகியவை கூடாது. ஒற்றை மேற்கோளில் தொடங்கவோ முடியவோ கூடாது. ஒரே பெயரில் இரண்டு தாள்கள் கூடா. தேதியைச் சாய்கோட்டுடன் பெயராக வைக்க முயன்று 1004 பிழை வாங்காதவர் குறைவு; சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு போடுங்கள்.

31 என்பது தமிழுக்கு இன்னும் குறைவு. 'சம்பளம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. எக்செலுக்கு ஏழு: இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறிகள். உயிர்மெய்யில் வரும் கொம்பும் காலும் அப்படியே. ஆகவே நீளமான தமிழ்ப் பெயர்களை லெஃப்ட்(பெயர், 31) என்று வெட்டுவதும் நல்லதல்ல; எழுத்தின் நடுவே வெட்டிப் புள்ளியைத் தொலைத்துவிடும். பெயரைச் சுருக்கமாக நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரே பெயரில் இரண்டு தாள்கள் கூடா என்பதால், தாள் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எக்செலில் அதற்கென்று ஆயத்தமான கட்டளை இல்லை. நாமே ஒரு சிறு செயற்கூறு எழுதிக்கொள்வோம். ஒரு முறை எழுதினால் வாழ்நாள் முழுவதும் உதவும்.

ஃபங்ஷன் தாள்உண்டா(பெயர் ஆஸ் ஸ்டிரிங்) ஆஸ் பூலியன்
டிம் தாள் ஆஸ் ஆப்ஜெக்ட்
ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்
செட் தாள் = திஸ்வொர்க்புக்.ஷீட்ஸ்(பெயர்)
ஆன் எரர் கோடூ 0
தாள்உண்டா = நாட் தாள் இஸ் நத்திங்
எண்ட் ஃபங்ஷன்

தாளைப் பிடிக்க முயல்கிறோம். கிடைக்காவிட்டால் பிழை வரும், அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்லியிருக்கிறோம். பிடிபட்டதா என்று கடைசியில் பார்க்கிறோம். ஆன் எரர் கோடூ 0 என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பிழைகளைப் புறக்கணிக்கும் நிலையை ஒரே ஒரு வரிக்குத் திறந்து உடனே மூட வேண்டும். நிரலின் தலையில் ரெஸ்யூம் நெக்ஸ்ட் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது பிழையைத் தீர்க்காது. கண்ணில் படாமல் வளரவிடும்.

பட்டியலிலிருந்து தாள்கள்

இப்போது முக்கிய வேலை. ஒரு தாளின் முதல் நெடுவரிசையில், இரண்டாவது வரி முதல், உருவாக்க வேண்டிய தாள்களின் பெயர்கள் இருக்கின்றன. தமிழில் இருந்தாலும் சரி. அதன் நிரல் பெயர் லிஸ்ட்ஷீட். நகலெடுக்க வேண்டிய மாதிரித் தாளின் நிரல் பெயர் மாடல்ஷீட்.

சப் மேக்ஷீட்ஸ்()
டிம் வரி ஆஸ் லாங், கடைசி ஆஸ் லாங், பெயர் ஆஸ் ஸ்டிரிங்
கடைசி = லிஸ்ட்ஷீட்.செல்ஸ்(லிஸ்ட்ஷீட்.ரோஸ்.கவுண்ட், 1).எண்ட்(எக்ஸ்எல்அப்).ரோ
ஃபார் வரி = 2 டூ கடைசி
பெயர் = டிரிம்(லிஸ்ட்ஷீட்.செல்ஸ்(வரி, 1).வேல்யூ)
இஃப் பெயர் <> "" தென்
இஃப் நாட் தாள்உண்டா(பெயர்) தென்
மாடல்ஷீட்.காப்பி ஆஃப்டர்:=திஸ்வொர்க்புக்.ஷீட்ஸ்(திஸ்வொர்க்புக்.ஷீட்ஸ்.கவுண்ட்)
திஸ்வொர்க்புக்.ஷீட்ஸ்(திஸ்வொர்க்புக்.ஷீட்ஸ்.கவுண்ட்).நேம் = பெயர்
எண்ட் இஃப்
எண்ட் இஃப்
நெக்ஸ்ட் வரி
எண்ட் சப்

பட்டியலின் கடைசி வரியைக் கண்டுபிடிக்கும் கட்டளை முதலில் புதிராகத் தோன்றும். தாளின் அடிமட்டத்துக்குப் போய், அங்கிருந்து மேல்நோக்கி ஏறி, முதலில் தட்டுப்படும் நிரம்பிய செல்லில் நிற்கிறது. மேலிருந்து இறங்கினால் நடுவில் ஒரு வெற்றுச் செல் இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். 2007 முதல் ஒரு தாளில் 10,48,576 வரிகள். அதற்கு முன் 65,536. எண்ணை நாமே எழுதாமல் ரோஸ்.கவுண்ட் என்று கேட்பது இதனால்தான். வரி எண்ணுக்கு இன்டிஜர் வகை போதாது, 32,767 ஐத் தாண்டினால் அது வழிந்துவிடும். லாங் வையுங்கள்.

காப்பி என்ற கட்டளை, ஆட் போலப் புதுத் தாளைத் திருப்பித் தராது. நகல் உடனே முன்னால் வந்துவிடும் என்று நம்பிப் பலர் அடுத்த வரியில் ஆக்டிவ்ஷீட்.நேம் என்று எழுதுவார்கள். மாதிரித் தாள் மறைக்கப்பட்டிருந்தால் நகலும் மறைந்தே பிறக்கும், முன்னால் வராது. பெயர் வேறு தாளுக்குப் போய்விடும். கடைசியில் சேர்த்தோம், எனவே கடைசித் தாளுக்குப் பெயர் வைக்கிறோம் என்பது அதைவிட நம்பகமான வழி. மாதிரியை மறைத்து வைத்திருப்பவர்கள் அடுத்த வரியில் அதே கடைசித் தாளின் விசிபிள் பண்பை எக்ஸ்எல்ஷீட்விசிபிள் என்று மாற்ற வேண்டும்.

காப்பிக்கு இடம் சொல்லாவிட்டால் தாள் ஒரு புதுக் கோப்பில் போய்த் திறக்கும். ஒரு தாளை மட்டும் தனிக் கோப்பாக அனுப்ப வேண்டியபோது அது பயன்படும். இடம் மாற்ற வேண்டுமானால் காப்பிக்குப் பதில் மூவ், மற்றதெல்லாம் ஒன்றே.

எல்லாத் தாள்களையும் சுற்றி வருதல்

ஒவ்வொரு தாளிலும் டி20 செல்லில் கூட்டுத்தொகை இருக்கிறது. அவற்றைத் தாளின் பெயரோடு சம்மரிஷீட் என்ற நிரல் பெயருள்ள சுருக்கத் தாளில் வரிசைப்படுத்த வேண்டும். புதிய ஒரு சப்புக்குள், தாளை வொர்க்ஷீட் என்றும் வரியை லாங் என்றும் அறிவித்துவிட்டு:

சம்மரிஷீட்.ரேஞ்ச்("ஏ2:பி1000").கிளியர்கான்டென்ட்ஸ்
வரி = 2
ஃபார் ஈச் தாள் இன் திஸ்வொர்க்புக்.வொர்க்ஷீட்ஸ்
செலக்ட் கேஸ் தாள்.நேம்
கேஸ் லிஸ்ட்ஷீட்.நேம், மாடல்ஷீட்.நேம், சம்மரிஷீட்.நேம்
கேஸ் எல்ஸ்
சம்மரிஷீட்.செல்ஸ்(வரி, 1).வேல்யூ = தாள்.நேம்
சம்மரிஷீட்.செல்ஸ்(வரி, 2).வேல்யூ = தாள்.ரேஞ்ச்("டி20").வேல்யூ
வரி = வரி + 1
எண்ட் செலக்ட்
நெக்ஸ்ட் தாள்

முதல் கேஸுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த மூன்று தாள்களையும் சும்மா விட்டுவிட வேண்டும் என்பதே அதன் பொருள். பெயர்களை மேற்கோளில் எழுதாமல் நிரல் பெயரிடமே கேட்டு வாங்குவதைக் கவனியுங்கள்: தாவல்கள் தமிழில் இருந்தாலும், நாளை யாராவது பெயர் மாற்றினாலும் இது ஓடும். தாளின் பெயர் 1-5 என்பதுபோல் இருந்தால், செல்லில் எழுதும்போது எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். சுருக்கத் தாளின் முதல் நெடுவரிசையை முன்கூட்டியே உரை வடிவத்தில் வைத்துவிடுங்கள்.

மறைத்தல், நீக்கல், பூட்டுதல்

விசிபிள் பண்புக்கு மூன்று நிலைகள். எக்ஸ்எல்ஷீட்விசிபிள் தெரியும் நிலை. எக்ஸ்எல்ஷீட்ஹிடன் சாதாரண மறைவு. தாவலில் வலது கிளிக் செய்து யாரும் மீட்கலாம். எக்ஸ்எல்ஷீட்வெரிஹிடன் ஆழ்ந்த மறைவு. மீட்கும் பட்டியலில் பெயரே வராது. எடிட்டரின் பண்புகள் சாளரத்திலோ நிரலிலோதான் திரும்பக் கொண்டுவர முடியும். பட்டியல் தாளை இப்படி வைத்தால் தெரியாமல் கைபட்டுக் கெடாது. ஆனால் எடிட்டரைத் திறக்கத் தெரிந்தவருக்கு இது மறைவே அல்ல; இரகசியங்களை இங்கே வைக்காதீர்கள். கோப்பில் ஒரு தாளாவது வெளியே தெரிந்தாக வேண்டும் என்பதும் விதி, கடைசித் தாளை மறைக்கவோ நீக்கவோ போனால் 1004 வரும்.

நீக்க டெலிட். எக்செல் உறுதி கேட்கும். கேட்காமல் இருக்க முன்வரியில் அப்ளிகேஷன்.டிஸ்ப்ளேஅலர்ட்ஸ் = ஃபால்ஸ் என்றும், நீக்கிய அடுத்த வரியிலேயே ட்ரூ என்றும் எழுத வேண்டும். நீக்கிய தாளுக்கு மீட்சி இல்லை. அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: நீக்கும் மேக்ரோவை முதல் தடவை எழுதும்போது டெலிட் என்ற இடத்தில் தாவலுக்குச் சிவப்பு நிறம் பூசச் சொல்கிறேன், தாள்.டேப்.கலர் = விபிரெட் என்று. ஓட்டிவிட்டுச் சிவப்பான தாவல்களைக் கண்ணால் பார்க்கிறேன். நீக்க வேண்டியவை மட்டுமே சிவந்திருந்தால் பிறகு டெலிட்டை எழுதுகிறேன்.

எண்களைக் கொண்டு பல தாள்களை நீக்கும்போது கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள், ஃபார் எண் = கவுண்ட் டூ 1 ஸ்டெப் -1 என்று. முன்னிருந்து போனால் இரண்டாவது தாளை நீக்கியதும் மூன்றாவது இரண்டாவதாகிவிடும். மடக்கு (ஃபார் முதல் நெக்ஸ்ட் வரை திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) அதைத் தாண்டிப் போய்விடும்.

பூட்டிய தாளில் மேக்ரோவாலும் எழுத முடியாது. தாள்.புரொடெக்ட் என்ற கட்டளையில் யூசர்இன்டர்ஃபேஸ்ஒன்லி:=ட்ரூ என்று சேர்த்தால், பயனருக்குப் பூட்டு, நிரலுக்குத் திறவு. இந்தச் சலுகை கோப்பை மூடியதும் மறைந்துவிடும். எனவே திஸ்வொர்க்புக்கின் பக்கத்தில் வொர்க்புக்_ஓபன் என்ற நிகழ்வில் அதை எழுதி, கோப்பு திறக்கும்தோறும் புதுப்பிக்க வேண்டும். தாள்களைச் சேர்க்கவோ நீக்கவோ பெயர் மாற்றவோ யாரும் கூடாது என்றால் கோப்பின் அமைப்பைப் பூட்டலாம்: திஸ்வொர்க்புக்.புரொடெக்ட் ஸ்ட்ரக்சர்:=ட்ரூ. அது நம் மேக்ஷீட்ஸையும் தடுக்கும் என்பதால், முதலில் அன்புரொடெக்ட், வேலை முடிந்ததும் மீண்டும் புரொடெக்ட்.

ஓட்டிப் பார்க்கும் முறை

எழுதி முடித்ததும் எஃப்5 அழுத்த ஆசையாக இருக்கும். பொறுங்கள். முதலில் கோப்பைச் சேமித்து ஒரு நகல் எடுங்கள், நகலில்தான் சோதனை. எக்செலையும் எடிட்டரையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சப் என்ற வரியில் கிளிக் செய்து, எஃப்8 அழுத்துங்கள். ஒரு அழுத்தலுக்கு ஒரு வரி மட்டும் ஓடும். அடுத்து ஓடப்போகும் வரி மஞ்சளாகத் தெரியும். மாறியின் மீது சுட்டியை நிறுத்தினால் அதன் மதிப்பு தெரியும். முதல் தாள் உருவாகி, பெயர் பெற்று, மடக்கு இரண்டாவது சுற்றுக்குத் திரும்புவதைக் கண்ணால் பாருங்கள்.

பிறகு வேண்டுமென்றே சோதியுங்கள். சம்பந்தமே இல்லாத ஒரு தாளைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். வேறொரு கோப்பை முன்னால் கொண்டுவந்து, எடிட்டரிலிருந்து ஓட்டுங்கள். தாவல்களை இடம் மாற்றி, ஒன்றை மறைத்து, ஒன்றுக்குப் பெயர் மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அதே விளைவு வந்தால் நிரல் எந்தத் தாள் என்பதைத் தெளிவாக அறிந்திருக்கிறது. எங்காவது மாறினால், முன்னால் பெயர் இல்லாத ஒரு ரேஞ்சோ செல்ஸோ எங்கோ ஒளிந்திருக்கிறது. கண்ட்ரோல், எஃப் போட்டு அந்த இரண்டு சொற்களையும் தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். நாற்பது வரியில் அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.